மூன்று முறை இயக்கினால் மூன்று முறை நடக்குமா? மேஜிக் ஆட்டத்தில் ஸ்டாக் வேலை செய்யும் விதம்

2025 ஜூனில் ஃபைனல் ஃபேன்டசி கார்டுத் தொகுப்பும் செப்டம்பரில் ஸ்பைடர்மேன் தொகுப்பும் வெளிவந்தன. வீடியோ கேம் பிடித்தவர்களும் காமிக்ஸ் பிடித்தவர்களும் அந்த வழியாக மேஜிக்: தி கேதரிங் என்ற கார்டு ஆட்டத்துக்குள் வருகிறார்கள். படங்கள் பழகியவை, கதாபாத்திரங்கள் பழகியவை. ஆனால் கோலாலம்பூரில் ஒரு கார்டுக் கடையின் வெள்ளிக்கிழமை இரவு மேசையில் உட்கார்ந்தவுடன், படத்தில் இல்லாத ஒரு விஷயத்தில் முட்டிக்கொள்கிறார்கள். ஒரே கிரீச்சரின் (சண்டையிடும் உயிரினக் கார்டு) திறனை அடுத்தடுத்து மூன்று முறை இயக்கினால் எது முதலில் நடக்கும்? நடுவில் எதிராளி அந்தக் கிரீச்சரைக் கொன்றுவிட்டால் மீதி என்னவாகும்?

கைப்பேசியில் இந்த ஆட்டத்தின் டிஜிட்டல் வடிவமான அரீனா விளையாடிப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். நீங்கள் ஒன்றை இயக்கியதும், உங்கள் வாய்ப்பை அரீனா தானாகவே எதிராளிக்கு விட்டுக்கொடுத்துவிடும். அப்படி ஒரு கட்டம் நடந்ததே கண்ணில் படாது. மேசையில் அந்த வேலையை வாயால் சொல்லிச் செய்ய வேண்டும்.

விதியின் அடிப்படை கடினமானதல்ல. இயக்குவது ஒரு நேரம், நிறைவேறுவது வேறு நேரம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரும்பாலான மேசைச் சண்டைகளுக்குக் காரணம்.

முதலில் சில சொற்கள்

ஸ்டாக் என்பது, அறிவிக்கப்பட்டு இன்னும் நிறைவேறாத ஸ்பெல்களும் (போடப்படும் கார்டுகள்) திறன்களும் காத்திருக்கும் இடம். கடைசியாக வந்தது மேலே இருக்கும். மேலே இருப்பதுதான் முதலில் நிறைவேறும். கார்டில் முக்காற்புள்ளிக்கு முன்னால் விலை, பின்னால் பலன் என்று எழுதியிருந்தால் அது நீங்களாக இயக்கும் திறன். 'இது நடக்கும்போது', 'இந்தக் கட்டத்தின் தொடக்கத்தில்' என்ற வகையில் தொடங்குவது ட்ரிக்கர். அதை யாரும் இயக்குவதில்லை, நிபந்தனை பொருந்தியதும் தானாகக் கிளம்பும். இரண்டுமே ஸ்டாக்குக்குத்தான் போகும்.

பிரையாரிட்டி என்பது 'இப்போது ஏதாவது செய்யலாம்' என்ற உரிமை. ஒரு நேரத்தில் ஒருவரிடம்தான் இருக்கும். ஒன்றை இயக்கியவரிடம் அந்த உரிமை முதலில் திரும்பி வரும். அவர் விட்டுக்கொடுத்தால் அடுத்தவருக்குப் போகும். இடையில் யாரும் எதுவும் செய்யாமல் எல்லோரும் வரிசையாக விட்டுக்கொடுத்தால் மேலே இருக்கும் ஒன்று, ஒன்றே ஒன்று மட்டும், நிறைவேறும். பிறகு யாருடைய டர்னோ (ஆடும் முறை) அவருக்கு மறுபடியும் பிரையாரிட்டி கிடைக்கும்.

அந்த 'ஒன்றே ஒன்று' முக்கியம். யூ-கி-ஓ என்ற இன்னொரு கார்டு ஆட்டத்தை விளையாடிவிட்டு இங்கே வருபவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அங்கே செயின் (ஸ்டாக் போன்ற அடுக்கு) கட்டி முடித்து அது நிறைவேறத் தொடங்கிவிட்டால், நடுவில் யாரும் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. கடைசிக் கண்ணி வரை ஓடி முடியும். மேஜிக்கில் ஒவ்வொன்றும் நிறைவேறிய பிறகு ஆட்டம் நின்று, எல்லோரையும் மறுபடியும் கேட்டுவிட்டுத்தான் நகரும். ஸ்டாக்கில் ஐந்து இருந்தால், குறைந்தது ஐந்து முறை கேள்வி எழும்.

ஒரே இரண்டு கார்டு, இரண்டு முடிவு

கவின், தர்ஷினி என்ற இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். தர்ஷினியிடம் 2/2 அளவுள்ள (தாக்கும் வலு 2, தாங்கும் வலு 2) கிரிஸ்லி பேர்ஸ் என்ற கரடிக் கிரீச்சர் இருக்கிறது. கையில் ஜயண்ட் குரோத்: டர்ன் முடியும்வரை ஒரு கிரீச்சருக்கு +3/+3. கவின் கையில் லைட்னிங் போல்ட்: 3 டேமேஜ்.

கவின் முதலில் போல்ட்டைப் போடுகிறான். தர்ஷினி அதற்குப் பதிலாக ஜயண்ட் குரோத் போடுகிறாள். குரோத் மேலே இருப்பதால் முதலில் நிறைவேறி, கரடி 5/5 ஆகிறது. பிறகு போல்ட் 3 டேமேஜ் தருகிறது. கரடி பிழைக்கிறது.

மாற்றிப் பார்க்கலாம். தர்ஷினி முதலில் குரோத் போடுகிறாள், கவின் அதற்குப் பதிலாகப் போல்ட் போடுகிறான். இப்போது போல்ட் மேலே. 2/2 கரடிக்கு 3 டேமேஜ், கரடி செத்துவிடுகிறது. அடியில் காத்திருந்த குரோத்துக்கு இப்போது டார்கெட் இல்லை. அது நிறைவேறாமல் கல்லறைக்கு (தீர்ந்த கார்டுகளின் குவியல்) போகிறது.

கார்டுகள் மாறவில்லை, செலவழித்த மானா (விலையாகக் கட்டும் ஆற்றல்) மாறவில்லை. முதலில் கை நீட்டியவர் தோற்றார், அவ்வளவுதான். இந்த ஆட்டத்தில் பொறுமைக்கு இத்தனை மதிப்பு இருப்பது ஸ்டாக்கினால்தான்.

இயக்கும் கணத்தில் முடிந்துபோகும் வேலைகள்

ஒரு திறனை இயக்கும்போது, வேறு யாரும் குறுக்கே வர முடியாதபடி இவை ஒரே மூச்சில் நடக்கின்றன:

1. திறன் ஸ்டாக்கில் ஏறுகிறது.
2. டார்கெட் தேவைப்பட்டால் இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். 'நிறைவேறும்போது சொல்கிறேன்' என்பது கிடையாது.
3. விலை முழுவதும் கட்டப்படுகிறது: மானா, கார்டைச் சாய்ப்பது (பயன்படுத்தியதன் அடையாளமாகப் பக்கவாட்டில் திருப்புவது), கார்டின் மேல் உள்ள கவுண்டர் என்ற அடையாள வில்லையை எடுப்பது, பலி கொடுப்பது, எதுவானாலும்.

இதற்குப் பிறகுதான் எதிராளிக்குப் பேச வாய்ப்பு. ஆகவே விலைக்கு ரெஸ்பான்ஸ் என்று ஒன்று இல்லை. மாக் ஃபனாட்டிக் என்ற சின்ன 1/1 கிரீச்சரைப் பலி கொடுத்தால் 1 டேமேஜ் தரலாம். கவின் பலி கொடுத்துவிட்டான் என்றால், 'அதற்கு முன்னாலேயே நான் கொன்றுவிடுகிறேன்' என்று தர்ஷினி சொல்ல முடியாது. ஃபனாட்டிக் ஏற்கெனவே கல்லறையில். மேசையில் மிச்சமிருப்பது அதன் திறன் மட்டும்.

கட்டிய விலை திரும்பியும் வராது. திறன் ரத்தானாலும் சரி, டார்கெட் காணாமல் போனாலும் சரி, போனது போனதுதான்.

கிரீச்சரைக் கொன்றால் திறன் நிற்காது

புதியவர்கள் மிகவும் கோபப்படும் விதி இது. ஸ்டாக்கில் ஏறிய திறன், அதைக் கொடுத்த கார்டிலிருந்து தனியாகப் பிரிந்துவிட்ட ஒரு பொருள். ப்ராடிகல் சார்சரர் என்ற மந்திரவாதியைச் சாய்த்து 1 டேமேஜ் தரும் திறனைக் கவின் இயக்கியிருக்கிறான். தர்ஷினி பதிலுக்கு அந்த மந்திரவாதியைக் கொல்கிறாள். மந்திரவாதி போய்விட்டார், ஆனால் அந்த 1 டேமேஜ் வந்தே தீரும். அதைத் தடுக்க வேண்டுமானால் திறனையே ரத்து செய்யும் ஸ்டிஃபிள் போன்ற கார்டு வேண்டும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. பலன் அந்தக் கிரீச்சரின் மீதே விழுவதாக இருந்தால், கிரீச்சர் போனபின் பலன் விழ இடமில்லை. ஷிவன் டிராகன் 5/5. ஒரு சிவப்பு மானா கட்டினால் டர்ன் முடியும்வரை +1/+0. டிராகன் செத்துவிட்டால் அந்தத் திறன் நிறைவேறும், ஆனால் எதையும் செய்யாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'திறனைக் கொடுத்த கார்டு உயிரோடு இருக்கிறதா?' என்பதல்ல. 'பலன் எதன் மீது விழ வேண்டும்?' என்பதுதான்.

ஒரே திறனை அடுக்கினால்

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வரலாம். வாக்கிங் பலிஸ்டா 2017-ல் வந்த கார்டு. 0/0 அளவு, ஒவ்வொன்றும் அளவை 1/1 கூட்டும் +1/+1 கவுண்டர்களுடன் களத்துக்கு வரும். ஒரு கவுண்டரை எடுத்தால், விரும்பும் டார்கெட்டுக்கு 1 டேமேஜ். சாய்க்க வேண்டாம், மானா வேண்டாம். கவுண்டர் தீரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் இயக்கலாம்.

கவினிடம் மூன்று கவுண்டர் உள்ள பலிஸ்டா. எதிரே தர்ஷினியின் 2/2 கரடி. கவின் பிரையாரிட்டியை விடாமல் மூன்றையும் கரடியைக் குறிவைத்து அடுக்குகிறான். நடப்பது இது:

1. மூன்று கவுண்டரும் உடனே போய்விட்டன. பலிஸ்டா இப்போது 0/0. தர்ஷினிக்குப் பிரையாரிட்டி கிடைப்பதற்கு முன்பே, கவினுக்கே அது திரும்பக் கிடைப்பதற்கும் முன்பே, தாங்கும் வலு 0 ஆனதால் விதிப்படி பலிஸ்டா கல்லறைக்குப் போகிறது. மூன்று திறன்களும் ஸ்டாக்கில் பத்திரமாக இருக்கின்றன.
2. மேலே உள்ள திறன் நிறைவேறுகிறது. கரடிக்கு 1 டேமேஜ். தர்ஷினிக்கு மறுபடியும் வாய்ப்பு.
3. அடுத்தது நிறைவேறுகிறது. கரடிக்கு மொத்தம் 2 டேமேஜ், செத்துவிட்டது.
4. மூன்றாவதற்கு டார்கெட் இல்லை. நிறைவேறாமலே போகிறது.

ஒரு கவுண்டர் வீண், பலிஸ்டாவும் போயிற்று. ஒவ்வொன்றாக இயக்கியிருந்தால் இரண்டாவதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கவுண்டரோடு பலிஸ்டா மிஞ்சியிருக்கும். அல்லது கடைசிக் கவுண்டரை தர்ஷினியின் உயிர்ப்புள்ளிகள் மீது திருப்பியிருக்கலாம்.

தர்ஷினி நடுவில் ஜயண்ட் குரோத் போட்டால் நிலைமை இன்னும் மோசம். அடுக்கிய மூன்றும் 5/5 கரடியின் மீது விழுந்து, கரடி பிழைத்துவிடும். ஒவ்வொன்றாக இயக்கியிருந்தால், முதல் அடிக்கே குரோத் வந்ததைப் பார்த்துவிட்டு மீதி இரண்டு கவுண்டரைக் காப்பாற்றியிருக்கலாம்.

ஷிவன் டிராகனுக்கும் இதே கணக்குதான். நான்கு சிவப்பு மானாவையும் ஒரே நேரத்தில் அடுக்கிவிட்டு டிராகன் கொல்லப்பட்டால் நான்கும் வீண். ஒன்றைப் போட்டு, அது நிறைவேறிய பிறகு அடுத்ததைப் போட்டால், டிராகன் செத்தாலும் கையில் இருக்கும் போல்ட்டுக்கு மானா மிஞ்சும்.

சரி, எதிராளி பலிஸ்டாவை அழிக்க ஏதாவது போட்டுவிட்டால்? அப்போதாவது எல்லாவற்றையும் உடனே அடுக்க வேண்டாமா? அனுபவமுள்ளவர்கள்கூட இங்கே அவசரப்படுகிறார்கள். தர்ஷினி, பலிஸ்டாவை ஆட்டத்திலிருந்தே நீக்கும் சோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கவின் ஒரு கவுண்டரை எடுக்கிறான். அந்தத் திறன் சோர்ட்ஸுக்கு மேலே ஏறி, தனியாக நிறைவேறுகிறது. சோர்ட்ஸ் இன்னும் அடியில் காத்திருக்கிறது. இருவரும் மறுபடியும் வரிசையாக விட்டுக்கொடுத்தால் தவிர அது அசையாது. ஆகவே கவினுக்கு இன்னொரு வாய்ப்பு நிச்சயம் வரும். இரண்டாவது கவுண்டர், மறுபடியும் வாய்ப்பு, மூன்றாவது. நெருக்கடியிலும் ஒவ்வொன்றாகப் போக முடியும். ஒவ்வொரு அடிக்கும் புதிதாக டார்கெட் தேர்ந்தெடுக்கவும் முடியும்.

அடுக்கும் வரிசை தவறினால்

2008-ல் வந்த ஃபிகர் ஆஃப் டெஸ்டினி இந்தப் பாடத்துக்கென்றே செய்தது போன்ற கார்டு. தொடக்கத்தில் 1/1. முதல் திறன்: ஒரு மானா கட்டினால் அது ஸ்பிரிட் என்ற கிரீச்சர் வகையாகி 2/2 ஆகும். இரண்டாவது திறன்: மூன்று மானா கட்டினால், அது ஸ்பிரிட்டாக இருந்தால், வாரியர் ஆகி 4/4 ஆகும். 'ஸ்பிரிட்டா?' என்ற கேள்வி கேட்கப்படுவது நிறைவேறும்போது, இயக்கும்போது அல்ல.

கவினிடம் நான்கு மானா. பிரையாரிட்டியை விடாமல் முதல் திறனை இயக்குகிறான், அதன் மேலே இரண்டாவதை இயக்குகிறான். மேலே இருப்பது இரண்டாவது. அது முதலில் நிறைவேறப் பார்க்கிறது: ஸ்பிரிட்டா? இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதலாவது நிறைவேறி 2/2 ஆகிறது. மூன்று மானா காற்றில் போனது.

அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் தலைகீழாக அடுக்க வேண்டும்: முதலில் மூன்று மானாத் திறன், அதன் மேல் ஒரு மானாத் திறன். ஆனால் அடுக்க என்ன அவசியம்? ஒரு மானா கட்டி, 2/2 ஆன பிறகு, மூன்று மானா கட்டினால் போதும். எதிராளி நடுவில் புகுவதை இரண்டு வழியிலும் தடுக்க முடியாது. ஒவ்வொன்றாகப் போனால், முதல் ஒரு மானாவோடு கிரீச்சர் செத்தாலும் மற்ற மூன்று கையில் நிற்கும்.

அப்படியானால் எப்போது அடுக்குவது?

முதலாவது இன்னும் நிறைவேறாமல் காத்திருப்பது இரண்டாவதற்குத் தேவைப்படும்போது. என் கணிப்பில் வேறு நல்ல காரணம் அரிது.

தெளிவான உதாரணம் ரிவர்பரேட். ஸ்டாக்கில் உள்ள ஒரு இன்ஸ்டண்ட் அல்லது சார்சரி வகை ஸ்பெல்லை அது நகலெடுக்கும். கவின் தன் லைட்னிங் போல்ட்டையே நகலெடுக்க விரும்பினால், போல்ட்டைப் போட்டுவிட்டுப் பிரையாரிட்டியை விடாமல் ரிவர்பரேட் போட வேண்டும். விட்டுக்கொடுத்து எதிராளியும் விட்டுக்கொடுத்தால் போல்ட் நிறைவேறிவிடும். நகலெடுக்க ஒன்றும் இருக்காது.

எல்லாத் திறன்களையும் அடுக்கவும் முடியாது. பிளேன்ஸ்வாக்கர் என்ற கார்டு வகையின் திறன்கள், கிரீச்சருக்கு ஆயுதம் மாட்டும் எக்விப் போன்றவை உங்கள் டர்னின் மெயின் கட்டத்தில் (சண்டைக்கு முன்னும் பின்னும் வருவது), ஸ்டாக் காலியாக இருக்கும்போது மட்டும் இயங்கும். சாய்க்க வேண்டிய கார்டை நிமிர்த்தாமல் இரண்டாம் முறை சாய்க்க முடியாது. மானா தரும் திறன்களோ ஸ்டாக்குக்கே போவதில்லை. காடு என்ற நிலக் கார்டைச் சாய்த்துப் பச்சை மானா எடுப்பதற்கு யாரும் ரெஸ்பான்ஸ் தர முடியாது. ஸ்ப்ளிட் செகண்ட் என்று எழுதிய ஸ்பெல் ஸ்டாக்கில் இருக்கும்வரை, மானா தரும் திறன்களைத் தவிர வேறு எதையும் இயக்க முடியாது, புது ஸ்பெல்லும் போட முடியாது. ட்ரிக்கர்கள் மட்டும் வழக்கம்போல் ஏறும்.

இருவருடைய ட்ரிக்கர்களும் ஒரே நேரத்தில் கிளம்பினால்: யாருடைய டர்னோ அவருடையவை முதலில் ஏறும், அவர் விரும்பும் வரிசையில். எதிராளியுடையவை அதன் மேலே. ஆகவே எதிராளியுடையவை முதலில் நிறைவேறும்.

இந்த விதி எப்போதும் இப்படி இருந்ததில்லை

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 1993-ல் வெளியிட்டபோது இந்த ஆட்டத்தில் ஸ்டாக் கிடையாது. இன்டரப்ட் என்று தனியாக ஒரு கார்டு வகையும், எது எதற்குக் குறுக்கே வரலாம் என்ற சிக்கலான விதிகளும் இருந்தன. 1999-ல் ஆறாம் பதிப்போடுதான் ஸ்டாக் வந்தது.

அதற்குப் பிறகும் பத்தாண்டு காலம் ஒரு வித்தியாசம் இருந்தது: சண்டையில் கிரீச்சர்கள் தரும் டேமேஜும் ஸ்டாக்கில் ஏறும். 2008 பிப்ரவரியில் கோலாலம்பூரில் நடந்த புரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டியை ஜான் ஃபிங்கல் வென்றபோது நடப்பில் இருந்தது அந்த விதிதான். மாக் ஃபனாட்டிக் ஒரு 2/2 கிரீச்சரைத் தடுக்கும். அதன் 1 டேமேஜ் ஸ்டாக்கில் ஏறும். உடனே அதைப் பலி கொடுத்து இன்னொரு 1 டேமேஜ் தரலாம். ஒரு மானாக் குட்டி, ஒரு 2/2-ஐ வீழ்த்திவிடும். 2009 ஜூலையில் மேஜிக் 2010 தொகுப்போடு அது நீக்கப்பட்டது. இப்போது சண்டை டேமேஜ் ஸ்டாக்குக்குப் போகாமல் உடனே விழுகிறது. பலி கொடுப்பதா, சண்டையிடவிடுவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பழைய ஆட்டக்காரர் ஒருவர் 'டேமேஜ் ஸ்டாக்கில் இருக்கும்போதே பலி கொடுக்கிறேன்' என்று சொன்னால், அவர் சொல்வது பொய்யல்ல, காலாவதியான விதி.

மேசையில் வாயால் சொல்ல வேண்டியது

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி நண்பர்கள் கூட்டத்தில் இது சாதாரணமாக இப்படிப் போகும்:

"அக்கா, பலிஸ்டா, கரடிக்கு ஒண்ணு. ரெஸ்பான்ஸ் இருக்கா?"

"இல்ல தம்பி, ஓகே."

"சரி, இன்னொண்ணு."

இதைவிடத் தெளிவான வழி இல்லை. ஆனால் அவசரத்தில் 'கரடிக்கு மூணு' என்று மட்டும் சொன்னால் என்ன பொருள்? போட்டி விதிமுறை இதற்குப் பதில் வைத்திருக்கிறது. ஒன்றை ஸ்டாக்கில் போட்டவர், விடமாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னாலொழிய, பிரையாரிட்டியை விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும். பலவற்றை ஒரே வாக்கியத்தில் சொன்னாலும், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு, அது நிறைவேறிய பிறகு அடுத்ததைப் போட்டதாகவே பொருள். நடுவில் எதிராளி புக விரும்பினால், அந்த இடம்வரை ஆட்டத்தைப் பின்னால் நகர்த்த வேண்டும்.

ஆகவே கவின் 'கரடிக்கு மூணு' என்று சொல்லி மூன்று கவுண்டரையும் கையில் எடுத்துவிட்டாலும், தர்ஷினி 'முதல் அடிக்கே குரோத்' என்று சொல்லலாம். அப்போது இரண்டு கவுண்டர் பலிஸ்டாவின் மேல் திரும்பிப் போகும், ஸ்டாக்கில் ஒரு திறனும் அதன் மேல் குரோத்தும் மட்டும் இருக்கும். கவின் மூன்றையும் உண்மையாகவே அடுக்க நினைத்திருந்தால், 'பிரையாரிட்டி என்கிட்டத்தான்' என்று முதல் கவுண்டரைத் தொடும்போதே சொல்லியிருக்க வேண்டும். அடுக்கும்போது ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பகடையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பக்கத்தில் டார்கெட்டைச் சொல்லிவிட்டால் தகராறு வராது.

நான்கு பேர் ஆடும் கமாண்டர் என்ற ஆட்ட வகையின் மேசையில் கேள்வி சுற்றிப் போகும். கவினுக்கு அடுத்தவர் 'இல்லை' என்கிறார், மூன்றாமவர் ஏதோ போடுகிறார். அது நிறைவேறியதும், முன்பு 'இல்லை' என்றவருக்கும் மறுபடியும் பேச உரிமை உண்டு. கவினின் திறன் நிறைவேற வேண்டுமானால், நடுவில் யாரும் எதையும் போடாமல் நான்கு பேரும் அடுத்தடுத்து விட்டுக்கொடுக்க வேண்டும்.